தளையிட்ட தமிழ்

யாப்பிலக்கண வகுப்பு முடியும் தறுவாயில் மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவைக் கேட்டார். "ஐயா, சொல்ல வந்ததைச் சொல்வதற்கு இத்தனை விலங்குகள் எதற்கு? விலங்கு பூட்டிக்கொண்டு ஓடுவதால் ஓட்டக்காரனுக்கு என்ன பெருமை?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். மணி அடித்துவிட்டபடியால் விடையிறுக்காமலேயே வெளியேறினோம். உண்மையைச் சொல்வதானால், மணி அடிக்காமல் இருந்திருந்தாலும் நம்மிடம் விடை இருக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சித்திரகவிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், "இவை வெறும் சொல் விளையாட்டுகள், தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்" என்று சொல்லிக் கடந்து சென்றவர்களுள் நாமும் ஒருவர். இலக்கிய வரலாற்று நூல்கள் நமக்குக் கற்பித்ததும் அதுவே.

ஆனால் அம்மாணவர் விலங்கு என்ற சொல்லைத் தற்செயலாகப் பயன்படுத்தவில்லை எனத் தோன்றியது. நம் இலக்கணிகளே அப்படித்தான் பெயரிட்டிருக்கிறார்கள். சீரும் சீரும் சேர்ந்து நிற்கும் முறைக்குத் 'தளை' என்று பெயர். தளை என்றால் கட்டு, விலங்கு. 'யாப்பு' என்பதோ யாத்தல், அதாவது கட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். 'தொடை' தொடுத்தலிலிருந்து வந்தது. உலகத்தில் வேறு எத்தனை மொழியினர் தம் செய்யுளிலக்கணத்துக்குக் கட்டு, விலங்கு என்று பெயர் வைத்தார்களோ நாமறியோம். தமிழர் வைத்தார்கள், வைத்துவிட்டு, அந்த விலங்கோடு ஈராயிரம் ஆண்டுகள் நடந்தும் காட்டினார்கள். அந்த நடையின் சில அடிகளையேனும் திரும்பிப் பார்த்தால் மாணவருக்கு விடை கிடைக்கலாம் என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் எளிய கட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வருவது அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் இம்முறையைக் கையாண்டிருக்கிறார். பின்னர்க் காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்களை இம்முறையில் கோத்தார். பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரும் ஆளுக்கு நூறு வெண்பா பாடினர். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் ஒரே சங்கிலி. கடைசிக் கண்ணி முதற் கண்ணியோடு வந்து பிணைகிறது.

அந்தாதியின் பயன் யாது என்று கேட்டால், மனப்பாடத்துக்கு எளிது, ஏட்டில் பாட்டு முன்பின்னாக மாறினாலும் வரிசையைக் கண்டுகொள்ளலாம் என்று வகுப்பில் சொல்வோம். இரண்டும் சரியே. ஆயினும் பாடுகின்றவனுடைய பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றாவதாக ஒன்று தெரிகிறது. எழுதுகிறவர் எவரும் அஞ்சுவது வெற்றேட்டைத்தான். அடுத்த பாட்டை எங்கே தொடங்குவது? அந்தாதிக்காரனுக்கு அவ்வச்சமே இல்லை. முதற்சொல் அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. முந்தைய பாட்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் அச்சொல்லை அவன் புதிய பொருளுக்குத் திருப்பியாக வேண்டும். முந்தைய பாட்டில் முடிவாக நின்ற சொல் இங்கே தொடக்கமாக நிற்கும்போது, அதன் பின்னே வரக்கூடிய சொற்கள் முற்றிலும் வேறு. ஆகவே ஒவ்வொரு பாட்டும் கவிஞனைத் தான் எண்ணியிராத ஒரு திசையில் தள்ளிவிட்டுத் தொடங்குகிறது. நூறு பாட்டு என்றால் நூறு தள்ளல்.

எதுகையும் இவ்வாறே வேலை செய்கிறது. இரண்டாமெழுத்து ஒன்றிவர வேண்டும் என்று விதித்துவிட்டால், மனத்தில் முதலில் தோன்றும் சொல் பெரும்பாலும் பயன்படாது. தேட வேண்டும். அந்தத் தேடலுக்கென்றே நம் முன்னோர் ஒரு கருவியும் செய்து வைத்தனர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் அத்தொகுதி, அகர வரிசையில் அமையவில்லை. ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாமெழுத்தின் வரிசையில் அமைந்திருக்கிறது. இன்று அகராதி பார்த்துப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். சொற்பொருள் தெரியாத வாசகனைவிடச் சொல் கிடைக்காமல் தவிக்கும் புலவனை நோக்கியே அந்நூல் அடுக்கப்பட்டது என்று கொண்டால் விந்தை தீரும். முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கிய அகராதி நிகண்டைச் சிதம்பர இரேவண சித்தர் 1594-இல் இயற்றினார்; ஆனாலும் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் நெட்டுருப் போட்டது சூடாமணியையே.

இனி, ஈற்றடிக்கு வருவோம். இலக்கிய ஆர்வலர்கள் அனைவரும் அறிந்த காளமேகத்தின் வெண்பா ஒன்று உண்டு. செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடியும்படி முருகன்மீது பாட வேண்டும் என்பது கேட்டவரின் குறும்பு. காளமேகம் செருப்பைச் 'செரு', 'புக்கு' எனப் பிரித்தார். போரில் புகுந்து என்று பொருளாயிற்று. முருகன் போர்க்கடவுள் ஆதலால் தொடக்கம் தப்பியது. முடிவு? விளக்குமாறு என்பதை 'விளக்கும் ஆறு' என்று பிரிக்கலாம். வழியை விளக்கு என்று சொல்வதாகக் கொள்ளலாம். ஆனால் யார் யாரிடம் சொல்வது? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி நடக்கிறது. விளக்கும்படி கேட்க ஒருத்தி வேண்டும். விளக்குவதற்கு ஒருவர் வேண்டும். உடனே ஒரு தலைவி வருகிறாள். தாமரையில் அமர்ந்த வண்டு ஒன்று வருகிறது. மலைக்கு நாயகனாகிய முருகனைத் தழுவும் வழியை வண்டே கூறு என்று அவள் கேட்கிறாள். வண்டை விளித்துப் பேசுவது அகத்திணையின் பழைய மரபு. செருப்பையும் துடைப்பத்தையும் கொடுத்து இழிவுபடுத்த நினைத்தவருக்கு அகப்பாடல் ஒன்று கிடைத்தது! இப்பாட்டில் வரும் தலைவியையும் வண்டையும் காளமேகம் முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தார் என்று நாம் நம்பவில்லை. விளக்குமாறுதான் அவர்களை அழைத்து வந்தது.

காளமேகம் 15-ஆம் நூற்றாண்டினர். திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு வாதிட்டதும், எமகண்டம் பாடியதும் கதைகளாக வழங்குகின்றன. கொதிக்கும் கொப்பரைக்கு மேலே கட்டிய உறியில் புலவர் அமர்ந்து, உடலில் கத்திகளைக் கட்டிக்கொண்டு, அவையோர் கேட்ட கேட்ட குறிப்புக்கு உடனுக்குடன் பாட வேண்டுமாம். தவறினால் உயிர் போகும். கதை எவ்வளவு உண்மையோ! ஆனால் கதையைக் கட்டியவர்கள் ஒன்றை அறிந்திருந்தார்கள்: விதி கடுமையாக இருந்தாலன்றி விதியை வெல்வதில் வியப்பில்லை. அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடியதைச் சொல்லும் கதையும் இவ்வகைத்தே. தோற்ற புலவரின் காதை அறுக்கும் வில்லிபுத்தூரார், அருணகிரியார் பாடப்பாட உடனுக்குடன் உரை கூறி வந்தாராம். 54-ஆம் பாட்டில் திகைத்து நின்றார். தகர வருக்க எழுத்துகளாலேயே அமைந்த பாட்டு அது. பாடியவரே பொருளும் கூறி, காதையும் அறுக்காமல், அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு மட்டும் கேட்டுக்கொண்டார் என்று கதை முடிகிறது.

ஈற்றடி விளையாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். தமிழில் புணர்ச்சி உண்டு. பழைய ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஆறுபோல ஓடும். எங்கே கரை கட்டுவது என்பதை வாசிப்பவனே முடிவு செய்ய வேண்டும். அச்சேறிய நூல்களைக் கண்டு பழகிய நம் கண்ணுக்குச் சொல் என்பது செங்கல். ஏட்டுச்சுவடியில் பழகிய கண்ணுக்கு அது களிமண்.

இதன் இரு பிற்கால எடுத்துக்காட்டுகளைக் காண்போம். முதலாவது எட்டயபுரத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. 1893-இல், பதினோராம் வயதிலேயே, சுப்பிரமணியத்துக்குப் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்தது. அதைப் பொறாத காந்திமதிநாதன் என்பவர், பாரதியைச் சின்னப் பயல் என்று கூறும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னாராம். பாரதி என்னும் தம் பெயரைச் சிறுவர் இரண்டாக உடைத்தார்: 'பார்', 'அதி'. காந்திமதிநாதனைப் பார், மிகச் சின்னவன் என்று பொருள் திரும்பிவிட்டது. மூத்தவர் மனம் நொந்ததைக் கண்டு, தாமே சின்னவன் என்று பொருள்படுமாறு மாற்றியும் பாடினார் என்பர். இரண்டாவது பாட்டுத்தான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. வெற்றி பெற்ற பிறகு விதியை மறுபடி எடுத்துப் பணிவுக்கும் பயன்படுத்தலாம் என்று காட்டினாரல்லவா?

இரண்டாவது எடுத்துக்காட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றியது. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திச் சதாவதானி என்று புகழ்பெற்றவர், சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர், கம்பனில் தோய்ந்தவர். அவதான அரங்கில் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பதும் ஒரு கூறு. ஒருவர் எழுந்து, துருக்கனுக்கு இராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தாராம். துருக்கன் என்பது அக்கால வழக்கில் இசுலாமியரைக் குறித்த சொல். பாடுபவர் இசுலாமியர், அவையோ பல சமயத்தார் கூடியது. பாடினால் தம் சமயத்தார் முகம் சுளிக்கலாம், மறுத்தால் தோல்வி. பாவலர் இராமனுடைய தம்பியரை வரிசையாக அடுக்கினார். பரதன் வந்தான், இலக்குவன் வந்தான். மூன்றாம் அடியின் ஈற்றில் 'சத்' என்று நிறுத்தினார். அடுத்த அடி கேட்டவர் கொடுத்தபடியே வந்தது. ஆனால் துருக்கன் இப்போது சத்துருக்கன் ஆகிவிட்டான். ஓரசை! யாரையும் புண்படுத்தாமல், தம்மையும் இழக்காமல், கொடுத்த அடியில் ஓரெழுத்தையும் மாற்றாமல் அவர் அவையைவிட்டு எழுந்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது நமக்கு இன்றும் மயிர்க்கூச்செறிவதுண்டு.

எல்லாக் கட்டும் இப்படிப் பயன் தந்தது என்று வாதிட நாம் வரவில்லை. திருஞானசம்பந்தரை எடுத்துக்கொள்வோம். 7-ஆம் நூற்றாண்டிலேயே அவர் ஏகபாதம், எழுகூற்றிருக்கை, மாலைமாற்று, கோமூத்திரி, சக்கரமாற்று என ஒரு சோதனைச்சாலையே நடத்தியிருக்கிறார். சீர்காழிக்குப் பன்னிரு பெயர்கள். பிரமபுரம் முதல் கழுமலம் வரை அப்பன்னிரண்டும் வந்தாக வேண்டும் என்பது அவரே தமக்கு இட்டுக்கொண்ட விலங்கு. எழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என ஏறி இறங்கி ஏழு வரை செல்ல வேண்டும். எழுதிப் பார்த்தால் தேர்வடிவம் கிடைக்கும். மூன்று வேண்டுமென்றால் முத்தீயோ மும்மதிலோ நினைவுக்கு வருகிறது, நான்கிற்கு நான்மறை, ஆறுக்கு ஆறங்கம், ஏழுக்கு ஏழிசை. எண்ணைக் கொடுத்தால் உலகத்தையே அந்த எண்ணால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதனுக்கும், அருணகிரிநாதர் சுவாமிமலை முருகனுக்கும் இவ்வகைத் தேர் கட்டினர். இவை பயன்தரும் கட்டுகள்.

மாலைமாற்று அப்படியன்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரவேண்டும் என்னும்போது, எழுத்துக்கெழுத்து கைகட்டப்படுகிறது. ஒரு பாதியை எழுதினால் மறுபாதி தானே முடிவாகிவிடும். கவிஞனுக்குத் தேர்வே இல்லை. விளைவு, உரையாசிரியர் துணையின்றி ஓரடியும் நகர முடியாத செய்யுள். சம்பந்தர் பாடியதாலேயே அது இனிக்கிறது என்று சொல்வது பக்தி. இலக்கியத் தீர்ப்பு வேறு. அவருடைய பிற பதிகங்களின் குளிர்ச்சியில் நனைந்தவர்கள் இதற்காக நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது நிரோட்டகம். இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம், ஏனெனில் நம் மனமாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது. உதடுகள் ஒட்டாமலும் குவியாமலும் பிறக்கும் எழுத்துகளாலேயே பாடுவது நிரோட்டகம். தமிழில் இதழகல் என்பர். இதன் முன்னோடி வடமொழியில் உண்டு; அதுவும் நம் காஞ்சியிலேயே. பல்லவர் காலத்துத் தண்டி எழுதிய தசகுமார சரிதத்தில் ஏழாவது கதையை மந்திரகுப்தன் என்னும் இளவரசன் சொல்கிறான். காதலி கடித்த உதடு புண்பட்டிருப்பதால் அவனால் இதழ் ஒட்டும் எழுத்துகளைச் சொல்ல முடியவில்லை. ஆகவே அக்கதை முழுதும் அவ்வெழுத்துகள் இல்லாமலே செல்கிறது. கட்டுக்குக் கதையிலேயே காரணம் வைத்த தண்டியின் நுட்பத்தை என்னென்பது! இவருடைய காவியாதரிசத்தைத் தழுவித்தான் 12-ஆம் நூற்றாண்டில் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. சித்திரகவிகளின் பட்டியல் அந்நூலின் சொல்லணியியலில் இருக்கிறது.

தமிழில் இவ்விதி எவ்வளவு கொடியது என்பதை ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கிட்டோம். பகரம், மகரம், வகரம் ஆகிய மூன்று மெய்களும் போயின. உயிரில் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிப்பதால் போயின. எஞ்சியவை ஏழு உயிர், பதினைந்து மெய், அவை கூடிய 105 உயிர்மெய், ஆய்தம். ஆக 247 எழுத்துகளில் 119 இல்லை. ஏறக்குறையப் பாதி நெடுங்கணக்கு! இழப்பு எழுத்தோடு நிற்கவில்லை. நான்காம் வேற்றுமை உருபாகிய கு போயிற்று. ஆகவே எவருக்கும் எதையும் கொடுக்க முடியாது. எண்ணும்மை போயிற்று, ஆகவே இரண்டு பொருள்களை 'உம்' இட்டு இணைக்க முடியாது. ஓடு உருபு போயிற்று. ஒருவரோடு ஒருவர் செல்ல இயலாது. இன்று வழங்கும் எதிர்கால வினை பகரத்தையும் வகரத்தையும் நம்பியிருப்பதால் எதிர்காலமே போயிற்று! செய்து, வந்து, நடந்து என்னும் எச்சங்களும் இல்லை. ஆடி, எண்ணி போன்ற இகர ஈற்று எச்சங்களே எஞ்சின.

17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இந்த விதியோடு யமகத்தையும் அந்தாதியையும் சேர்த்துத் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியைப் பாடினார். யமகம் என்றால் நான்கடியின் தொடக்கத்திலும் அதே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் வரவேண்டும். மூன்று விலங்குகள். சிந்துபூந்துறையில் தமக்குக் கற்பித்த வெள்ளியம்பலத் தம்பிரானுக்குக் குரு காணிக்கையாக, திருச்செந்தூரில் இருந்த செருக்குமிக்க புலவர் ஒருவரை வெல்வதற்காகப் பாடினார் என்பது வரலாறு. எதிராளி ஒரு பாட்டை முடிப்பதற்குள் இவர் முப்பதையும் முடித்துவிட்டாராம்.

நாம் வியந்தது வேகத்தை அன்று. பாட்டுடைத் தலைவன் முருகன். ஆனால் முருகன் என்று சொல்ல முடியாது. குமரன், குகன், வேலன், சண்முகன், ஆறுமுகன் எதையும் சொல்ல முடியாது. வேலும் மயிலும் இல்லை. தமிழ்க் கடவுளைப் பாடும் நூலில் தமிழ் என்ற சொல்லுக்கே இடமில்லை! கந்தன் உண்டு, கார்த்திகேயன் உண்டு, செந்தில் உண்டு. வழக்கமான அடைமொழிகள் அனைத்தும் பூட்டிய அறைக்குள் போய்விட்டபின், புலவர் என்ன செய்வார்? சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். முருகனை அவனுடைய செயலால், உறவால், பகைவரால், ஊரால் சுட்ட வேண்டும். வினையில் எதிர்காலம் இல்லை என்றோமே, ஏவல் இருக்கிறது: காண், செய், தா. எதிர்மறையும் இருக்கிறது. வேண்டுதலுக்கு ஏவலைவிடப் பொருத்தமான வினை எது? விதி எதை விட்டுவைத்ததோ அது துதிக்கு ஏற்றதாகவே இருந்தது. இதைக் கண்டபோதுதான், இத்தனை ஆண்டுகள் இரண்டு மதிப்பெண்ணுக்கு விற்றது எதை என்று நமக்கு உறைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இதனாலெல்லாம் என்ன பயன் என்பதே அவர் கேட்டதன் சாரம். பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற அடுத்த வினாதான் சீவக சிந்தாமணிக்கும், அதன் வழியே சங்க இலக்கியப் பதிப்புகளுக்கும் வாயில் திறந்தது. முதலியார் பக்கம் நியாயம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் யமக அந்தாதியும் திரிபந்தாதியும் பாடப்பட்டன. ஒருவர் தாமாக இட்டுக்கொள்ளும் விலங்குக்கும், எல்லாரும் இட்டுக்கொள்வதால் இட்டுக்கொள்ளும் விலங்குக்கும் வேறுபாடு உண்டு. பின்னது ஆடை அணிகலன் போல ஆகிவிடுகிறது. எவரையும் எங்கும் தள்ளுவதில்லை.

ஆனால் 1887-இல் சிந்தாமணியை அச்சிட்ட ஐயரின் கை எந்தப் பயிற்சியில் தேர்ந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். புள்ளி இல்லாத, சொற்பிரிப்பு இல்லாத, குறில் நெடில் மயங்கும் ஏடுகள். அவற்றில் எங்கே சொல் முடிகிறது என்று காண்பதற்கு, ஒரே எழுத்துத் தொடரை நான்கு விதமாகப் பிரிக்கும் யமகப் பயிற்சியைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? எதுகை தவறினால், தளை தட்டினால், பாடம் பிழை என்று தெரிந்துவிடும். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஏடெழுதியவர் ஓரெழுத்தை விட்டால் எண்ணியே கண்டுபிடிக்கலாம். விலங்கு என்று நாம் ஏசுவது கவிஞனின் காலில் கிடந்தபோதே, அவன் மறைந்தபின் அவன் சொல்லுக்குக் காவலாகவும் நின்றிருக்கிறது.

அண்மைக் காலத்தில் இக்கருத்தை ஓர் இயக்கமாகவே நடத்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1960 நவம்பரில் பாரிசில் எழுத்தாளர் ரெமோன் கெனோவும் கணித ஆர்வலர் பிரான்சுவா லெ லியோனேயும் நண்பர்களோடு ஊலிபோ என்னும் குழுவைத் தொடங்கினர். புதிய புதிய விதிகளை உண்டாக்கி, அவற்றால் என்ன எழுத முடியும் என்று பார்ப்பதே அவர்கள் தொழில். தங்களுக்கு முன்பே இவ்விதிகளைக் கையாண்ட பழம்புலவர்களை, முன்கூட்டியே தங்களிடமிருந்து திருடியவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அக்கணக்கில் சம்பந்தர் முதல் சிவப்பிரகாசர் வரை நம்மவர் எல்லாரும் திருடர்களே!

அக்குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் பெரெக் 1969-இல் ஒரு முழு நாவலை 'இ' என்னும் எழுத்தே இல்லாமல் எழுதினார். பிரெஞ்சில் மிகுதியாக வரும் எழுத்து அதுவே. நாவலின் பெயர் 'மறைவு' என்று பொருள்படும். வெறும் வித்தை என்றுதான் நாமும் முதலில் நினைத்தோம். பெரெக் போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு 1936-இல் பிறந்தவர். தந்தை 1940-இல் போரில் மாண்டார், தாயை 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்றனர், அவர் திரும்பவில்லை. அந்த எழுத்து இல்லாவிட்டால் பிரெஞ்சில் தந்தை, தாய் என்ற சொற்களை எழுத முடியாது. குடும்பம் என்றும் எழுத முடியாது. தம் பெயரைக்கூட எழுத முடியாது. நேராகச் சொல்ல இயலாத ஓர் இழப்பை அவர் ஓர் எழுத்தின் இழப்பாக்கிக் கொண்டார் என்று ஆய்வாளர் கூறுவர்.

இதைப் படித்த அன்று, நம் கணக்குத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இதழகலில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. குழந்தை முதன்முதலில் உதட்டைச் சேர்த்துச் சொல்லும் சொற்கள் அல்லவா அவை!

அடுத்த வாரம் அதே வகுப்பில், வினாவுக்கு விடையாக விரிவுரை எதுவும் ஆற்றாமல், ஒரு பயிற்சி கொடுத்தோம். உங்கள் வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி இதழ் ஒட்டாமல் நான்கு வரி எழுதுங்கள். செய்யுள் வேண்டாம், உரைநடை போதும். வழக்கமாக இத்தகைய தலைப்பைக் கொடுத்தால் அம்மா என்றால் அன்பு என்று முப்பது தாள்கள் வரும். முப்பதையும் ஒருவரே எழுதியது போலிருக்கும். அன்று அம்மாவுக்கு வழியில்லை. அப்பா, மாமா, தம்பி, பாட்டி ஒருவருக்கும் வழியில்லை. அரைமணி நேரம் வகுப்பு உதடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்னை என்று எழுதிச் சிலர் ஒப்பேற்றினர். மற்றவர்கள் அக்காவிடம் போனார்கள். அத்தையிடம், சித்தியிடம், தாத்தாவிடம் போனார்கள். அதுவரை எந்தக் கட்டுரையிலும் வராத மனிதர்கள் அன்று வந்தார்கள்.

விலங்கைப் பற்றிக் கேட்ட மாணவர் நெல்லைப் பக்கத்தவர். அவர் தம்மை வளர்த்த ஆச்சியைப் பற்றி எழுதியிருந்தார். பசி என்று எழுத முடியாததால் கஞ்சி என்று எழுதியிருந்தார். சோறு என்று எழுத முடியாததால் அரிசி களையும் சத்தத்தை எழுதியிருந்தார். மறைந்தாள், காலமானாள், போய்விட்டாள் என்று நாம் பூசி மெழுகும் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்தாள் என்பதற்கு விதியில் இடம் இருந்தது. அதை அவர் நாடவில்லை. நான்காவது வரியில் மூன்றே சொற்கள் இருந்தன.

"இனி ஆச்சி இல்லை."